இருபது ராணிகளும் ஒரு கூஜாவும்

அறுபதுகளின் தொடக்கம். வீசை, பலம் எல்லாம் போய் கிலோவும் கிராமும் வந்திருந்த புதிது. ஆரணியில் பிறந்த நான், கல்யாணமாகிப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு நான்கு தறி. பெரிய முதலாளி என்றெல்லாம் சொல்லிக்கொள்ள முடியாது. பட்டும் ஜரிகையும் வாங்கி நெசவுக்குக் கொடுத்து, புடவையைக் கடைக்குப் போட்டு, கையைக் கடிக்காமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். வீட்டில் எடை போடுவது என் பொறுப்பு. பிறந்த வீட்டிலேயே தராசு பிடித்துப் பழகியவள் என்று எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எங்கள் வீட்டில் ஜரிகைக்கு எடைக்கல் கிடையாது என்றால் இப்போது உள்ளவர்கள் நம்பமாட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய்தான் எடைக்கல். ஒரு ரூபாயின் எடை ஒரு தோலா. பத்து ரூபாய் எடை ஜரிகை வேண்டுமென்றால் ஒரு தட்டில் பத்து ரூபாயை வைத்து, மறு தட்டில் ஜரிகையை வைத்து, முள் நேராக நிற்கும்வரை பார்ப்போம். மாமனார் காலத்திலிருந்தே நாற்பது ரூபாய் ஒரு காடாத்துணிப் பையில் இருந்தது. தலை போகிற அவசரம் வந்தாலும் அதைச் செலவுக்கு எடுப்பதில்லை. அதற்குத் தொழில் காசு என்று பெயர்.

எதிர்வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அவள் புருஷன் வேறொருவரிடம் தறி நெய்துகொண்டிருந்தார். அவள் எங்கள் வீட்டு ஜரிகையை வாங்கிப் போய், ராட்டையில் போட்டு, மரக்கட்டைகளில் சுற்றிக் கொண்டுவந்து தருவாள். அவள் கூலியில்தான் அவர்கள் வீட்டு வாடகை நடந்தது. புதிதாக வந்த ஊரில் எனக்கென்று பேச்சுத்துணை அவள் ஒருத்திதான். நான் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போகும். அவள் கோங்கூரா துவையல் அரைத்தால் ஒரு கரண்டி இங்கே வரும்.

ஒரு நாள் பகல். வீட்டுக்காரர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பழைய பட்டுப்புடவைக்கும் பழைய ஜரிகைக்கும் எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற ஆள் ஒருவர் தெருவில் கூவிக்கொண்டு வந்தார். ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். எதிர்வீட்டுப் பெண் நைந்துபோன ஒரு புடவையைப் போட்டு ஒரு சின்னத் தட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் சமயத்தில் நான் வாசற்கதவோரம் உட்கார்ந்து ஜரிகை நிறுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் என் தராசுத் தட்டைப் பார்த்துவிட்டார்.

"அம்மா, அந்த ரூபாயைக் கொஞ்சம் பார்க்கட்டுமா? எடுத்துக்கினு ஓடமாட்டேன்."

பார்த்தார் என்றால் அப்படி ஒரு பார்வை! ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தார். ராஜா தலை போட்டதையெல்லாம் ஒதுக்கினார். ராணித் தலை போட்டது இருபத்தைந்து இருந்தது. அதிலும் ஐந்தை ஒதுக்கினார். அந்த ஐந்தும் ஆயுத பூஜைக்காக நான் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தவை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நல்லதை விட்டுவிட்டுக் கறுத்ததை எடுக்கிறீரே என்று கேட்டேன்.

"அதான்மா தப்பு. புளி போட்டுத் தேய்ச்சா ராணியம்மா மூஞ்சித் தோலே போயிடுது. மெட்ராஸ்ல ஒரு பெரிய மனுஷன் இதெல்லாம் சேர்க்கிறாரு. அவருக்குக் கறுப்பா இருந்தாலும் பரவாயில்ல, மூக்கு நுனி தெரியணும், முடி தனித்தனியாத் தெரியணும். மூக்கு தேஞ்சா பாதி விலை. ஓட்டை போட்டுக் கழுத்துல கட்டிக்கினது, வளையம் வெச்சுப் பத்தவெச்சது எல்லாம் வெறும் வெள்ளிதான்."

பிறகு அவர் சொன்ன பேரம் இது. அந்த இருபது ராணிகளையும் அவர் எடுத்துக்கொள்வார். பதிலுக்கு அவரிடமிருந்த இருபது தேய்ந்த ராணிகளைத் தருவார். கொசுறாக ஒரு எவர்சில்வர் கூஜா.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூக்குக்கும் முடிக்கும் காசு கொடுக்கிற பைத்தியம் கூட உலகத்தில் உண்டா! ரூபாய்க்கு ரூபாய் வந்துவிடுகிறது. மேலே ஒரு கூஜா. அந்தக் காலத்தில் எவர்சில்வர் என்றால் எங்களுக்கெல்லாம் உயிர். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில்தான் கூஜா இருந்தது. அவர் கொடுத்த ரூபாய்களை ஒன்று, இரண்டு என்று இருபது வரை எண்ணி வாங்கிப் பையில் போட்டேன். நாள் முழுக்கத் தராசும் கையுமாக இருப்பவள், அன்று எண்ணினேனே தவிர, எடை போடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் கூஜாவைப் பார்த்துவிட்டு ஏது என்று கேட்டார். தொழில் காசைத் தொட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆரணியிலிருந்து அண்ணன் யாரிடமோ கொடுத்தனுப்பியது என்று சொல்லிவைத்தேன். அவரும் என் அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். அண்ணன் கஞ்சன் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்.

அடுத்த வாரம் ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. பை முழுவதையும், நாற்பது ரூபாயையும், ஒரே தட்டில் கொட்டி, அந்த எடைக்கு ஜரிகை நிறுத்து எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் சுற்றி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் புதுத் தராசும், சர்க்கார் சீல் போட்ட கிராம் எடைக்கற்களும் வாங்கி வந்துவிட்டார். நாற்பது ரூபாய் எடை என்றால் எத்தனை கிராம் என்று பார்க்க ஓர் அச்சடித்த அட்டையும் வந்தது. அவருக்கு அதில் ஒரே பெருமை. அவள் ஜரிகையைக் கொண்டுவந்தபோது, "தள்ளு, நான் போடறேன்" என்று தராசைத் தானே எடுத்தார்.

வெறும் மரக்கட்டைகளின் எடையைத் தனியாகக் கழித்துப் பார்த்தார். குறைந்தது. மறுபடியும் போட்டார். மறுபடியும் குறைந்தது. முக்கால் ரூபாய் எடை.

"இன்னாம்மா இது, முக்கா ரூபா எடை கம்மியா இருக்குது?"

"குறையாதுண்ணா. அறுந்த துண்டைக்கூட முடி போட்டுச் சுத்தியிருக்கேன், பாருங்க."

"கல்லு கவர்மெண்டு சீல் போட்டதும்மா. அது பொய் சொல்லாது."

ஜரிகை என்பது பட்டு மாதிரி அல்ல. ஈரம் காய்ந்தது, எடை இறங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. வெள்ளியும் தங்கமும் கலந்த சரக்கு. குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அவள் முகம் வெளுத்துப்போய் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க காசு வெச்சுத்தானே குடுத்தீங்க? அதே காசு வெச்சு ஒரு தரம் போட்டுப் பாருங்கக்கா."

எவ்வளவு நியாயமான பேச்சு! ஆனால் பையை அவிழ்த்தால் வழவழத்த ராணிகள் வெளியே வரும். வீட்டுக்காரர் அவற்றைப் பார்ப்பார். கூஜா கதை நாறும். நான் சட்டென்று சொன்னேன்:

"புதுக் கல்லு வந்தப்புறம் பழைய காசு எதுக்கு? இனிமே எல்லாம் கிராம்தான்னு அவரே சொல்லிட்டாரு."

வீட்டுக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் எழுந்து போனாள். தேய்ந்த காசு எடை குறையும் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவே இல்லை, சத்தியமாக. எனக்கு இருந்த பயமெல்லாம் கூஜாவைப் பற்றித்தான். ஆனால் அவள் எடுத்திருக்கமாட்டாள் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையும் நான் சொல்லவில்லை.

மறுநாள் குழாயடியில் விஷயம் பரவிவிட்டது. பாத்திரக்காரர் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்ததை யாரோ ஞாபகப்படுத்தினார்கள். பழைய புடவையாம், புடவைக்குள் எதைச் சுருட்டிக் கொடுத்தாளோ என்று ஒருத்தி சொன்னாள். அதே ஆள் என் வீட்டு வாசலிலும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் குடத்தை நிரப்பிக்கொண்டு தலைகுனிந்து வந்துவிட்டேன். அவளுக்கு ஜரிகை கொடுத்துக்கொண்டிருந்த இன்னொரு வீட்டிலும் அன்றே நிறுத்திவிட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் அவளும் அவள் புருஷனும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை.

"வெள்ளிக்கிழமை காத்தால தெருக்கோடி அம்மன் கோயில்ல கற்பூரம் அணைக்கிறேன்ணா. நாட்டாண்மைகிட்ட சொல்லியாச்சு."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்வது. அதற்கு மேல் எங்கள் தெருவில் சத்தியம் கிடையாது. என் வீட்டுக்காரர் கல்நெஞ்சுக்காரர் அல்ல. அவர் பதறிப்போனார்.

"அதெல்லாம் எதுக்கும்மா? போனா போகுது, விடு."

"விட்டா நான் திருடின்னு ஆயிடும்ணா," என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "எடை போட்டுக் குடுத்தது அக்கா. அவங்க எதிர்ல நின்னு, இவ்ளோ குடுத்தேன்னு அம்மன் முன்னாடி சொல்லணும்," என்றாள்.

அது முறைதான். குறை சொன்னவர்கள் வாயால் முதலில் கணக்கு வர வேண்டும். அப்புறம்தான் கற்பூரம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வீட்டுக்காரர் நாட்டாண்மையிடம் கடைசியாக ஒரு முறை பேசிப் பார்க்கிறேன் என்று சைக்கிளில் முன்னால் போய்விட்டார். நான் தனியாக உட்கார்ந்து அந்தக் காடாப் பையை அவிழ்த்தேன். அன்றைக்கு ஒருவேளை முப்பத்தொன்பதை வைத்துக் கொடுத்திருப்பேனோ, எண்ணிக்கையில் ஒன்று குறையக் கூடாதா, அம்மா தாயே என்று வேண்டிக்கொண்டேதான் அவிழ்த்தேன்.

பத்துப் பத்தாக அடுக்கினேன். நான்கு அடுக்கு வந்தது. ஒரு அடுக்கு மட்டும் குட்டையாகத் தெரிந்தது. ஆஹா, ஒன்பதுதான் இருக்கிறது என்று வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எண்ணினேன். பத்து. மறுபடியும் எண்ணினேன். அதே பத்து. ஆனால் அடுக்கு குட்டைதான். அந்த அடுக்கில் முக்கால்வாசி பாத்திரக்காரர் கொடுத்த ராணிகள்.

அடுக்கைக் கலைத்து, அவர் கொடுத்த இருபதையும் ஒரு பக்கம் அடுக்கினேன். எங்கள் வீட்டுப் பழைய இருபதை இன்னொரு பக்கம் அடுக்கினேன். அவருடைய அடுக்கு ஒரு காசு உயரம் குறைந்தது. பழைய தராசை எடுத்து இரண்டு இருபதையும் இரண்டு தட்டில் வைத்தேன். எங்கள் தட்டு கிணற்று வாளி மாதிரி இறங்கியது. எத்தனை கை மாறி, எத்தனை இடுப்பு முடிச்சில் உரசி, எத்தனை பேர் சுண்டிப் பார்த்துத் தேய்ந்த வெள்ளியோ அது. மூக்கு மட்டுமா போயிருக்கிறது? அந்த வெள்ளியும் கூடவே போயிருக்கிறது. குறைந்த எடைக்கு ஜரிகை கொடுத்தது நான். கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தவள் அவள்.

மறைக்காமல் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிமிஷம் பையை மறுபடியும் கட்டிவிடலாமா என்று தோன்றியது. அவள்தான் எடுக்கவில்லையே, கற்பூரம் அணைத்தால் அவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது, சத்தியம் செய்தபின் எல்லோரும் நம்பிவிடுவார்கள், என் கூஜாவும் பிழைக்கும். இப்படியெல்லாம் மனசு கணக்குப் போட்டது. அப்புறம் அம்மன் எதிரில் நின்று, நாற்பது ரூபாய் எடை கொடுத்தேன் என்று நான் சொல்லப்போவதை நினைத்தேன். ஈரத்தலையைக்கூட முடிந்துகொள்ளவில்லை. தராசு, காசுப்பை, அவள் சுற்றிய ஜரிகை, ஒரு பிடி வெறும் மரக்கட்டைகள் எல்லாவற்றையும் ஒரு கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினேன். இரண்டு பேர் என்னம்மா என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

கோயில் முன்மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பூசாரி பித்தளைத் தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டார், கொளுத்தவில்லை. அவள் அதன் முன்னால் நின்றிருந்தாள். வலது கை வளையலைக் கழற்றிப் புருஷனிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வந்தியா? சொல்லும்மா, எவ்ளோ ஜரிகை குடுத்தே?" என்றார் நாட்டாண்மை.

"எவ்ளோ குடுத்தேன்னு எனக்கே தெரியலைங்க," என்றேன்.

கூட்டம் முணுமுணுத்தது. நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்தரையில் உட்கார்ந்து, இடது கையால் தராசைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு தட்டில் அவள் சுற்றிய ஜரிகை. மறு தட்டில் அதே எண்ணிக்கையில் வெறும் கட்டைகள், அதன் மேல் அந்த நாற்பது ரூபாய். முள் ஆடியது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். நேராக வந்து நின்றது.

"குடுத்ததும் இதே காசு எடைதாங்க. அவ ஒரு இழைகூட எடுக்கல. காசுதான் தேஞ்சது. இருபது காசு," என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாட்டாண்மை ஒரு ரூபாயை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். என் வீட்டுக்காரர் குனிந்து இன்னொன்றை எடுத்தார்.

"இது நம்ம காசு இல்லியே?"

சொன்னேன். பாத்திரக்காரர், ராணி மூக்கு, கூஜா, அண்ணன் பெயரில் சொன்ன பொய், பையை அவிழ்க்கவிடாமல் மழுப்பியது, எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் அழுதுகொண்டே சொன்னேன். கூஜா என்றபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நேராக எதிர்வீட்டுக்காரரிடம் போய்க் கையைக் கூப்பினார். "தப்பு எங்க மேலதான்பா. சீல் போட்ட கல்லை நம்பினேனே, உன் வீட்டுப் பொண்ணு சொன்னதை நான் நம்பலியே," என்றார்.

அம்மனுக்கு என்று வைத்த கற்பூரத்தைத் திருப்பி எடுக்கக் கூடாது என்று பூசாரி சொன்னார். அதையே கொளுத்தி அம்மனுக்குக் காட்டினார். தட்டு அவளிடம் வந்தது. அணைப்பதற்காக வளையல் கழற்றிய அந்தக் கையை, ஒரு கணம் தயங்கி, சுடர் மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சே அப்போதுதான் வந்த மாதிரி இருந்தது. மானமெல்லாம் போன பின்னும் அன்று எனக்கு இருந்த நிம்மதி, பிள்ளை பெற்றுப் பிழைத்து எழுந்த அன்றுகூட இருந்ததில்லை.

அவள் உடனே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று சொன்னால் பொய். வெளியே வரும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் கேட்ட அன்னிக்கே அந்தப் பையை அவுத்திருந்தா இவ்ளோ ஆயிருக்காதேக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டேன்.

பதினைந்து நாள் பார்த்தேன். அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பிறகு நானே புதுத் தராசையும் எடைக்கற்களையும் ஜரிகையையும் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். நீயே எடை போட்டுச் சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். என்னையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் பாயை விரித்து, உட்காருங்கக்கா என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜரிகை அவள் கையால்தான் நிறுக்கப்பட்டது. கொடுக்கும்போதும் சரி, வாங்கும்போதும் சரி. நாங்கள் தறியை நிறுத்தும்வரை அவள்தான் சுற்றிக் கொடுத்தாள்.

வீட்டுக்காரர் கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, உங்க அண்ணன் வேறு ஏதாவது கொடுத்தனுப்பியிருக்கிறாரா என்று கேட்டார். அதோடு அவர் கோபம் போய்விட்டது. தேய்ந்த ரூபாய்களை ஆசாரியிடம் எடைக்குப் போட்டோம். மெட்ராஸ் பெரிய மனுஷருக்கு எங்கள் ராணிகளின் மூக்கு என்ன விலைக்குப் போனதோ, எனக்குத் தெரியாது.

எனக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால், வேலைக்கு வருகிறவர்கள் மேல் சட்டென்று கண் போவது மனுஷ சுபாவம். எனக்கும் போகத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் வாயைத் திறப்பதற்கு முன், நான் எதையாவது மூடி வைத்துக்கொண்டு பேசுகிறேனா என்று என்னையே ஒரு தரம் கேட்டுக்கொள்கிறேன். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.